தசைநார் கிழிந்த முழங்காலில் எலும்பும் மெனிஸ்கஸும்: லிண்ட்சி வானின் வலது முழங்கால் குறித்த நிகழ்வு ஆய்வு

2013 பிப்ரவரி 5 அன்று ஆஸ்திரியாவின் ஷ்லாட்மிங் நகரில் உலக ஆல்பைன் பனிச்சறுக்கு சாம்பியன்ஷிப்பின் மகளிர் சூப்பர்-ஜி எனும் வேகச் சறுக்குப் போட்டி, மூடுபனி விலகக் காத்திருந்து, குறித்த நேரத்துக்கு வெகுவாகத் தாமதித்தே தொடங்கியது. 28 வயதான அமெரிக்க வீராங்கனை லிண்ட்சி வான் ஒரு தாவலுக்குப் பின் பனியில் இறங்கும்போது வலது காலில் நிலைதடுமாறினார். உடல் முன்னோக்கிக் கவிழ, சரிவில் சறுக்கிக்கொண்டே போய் வழிக்கம்பம் ஒன்றில் மோதினார். களத்திலேயே முதலுதவி அளித்து ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். வலது முழங்காலில் ஏசிஎல் எனப்படும் முன் குறுக்குத் தசைநாரும், எம்சிஎல் எனப்படும் உட்பக்கத் தசைநாரும் கிழிந்துள்ளன. அவற்றோடு டிபியா எனப்படும் கீழ்க்கால் எலும்பின் மேல்தளத்தில் வெளிப்பக்கம் முறிந்துள்ளது என்று அணியின் மருத்துவப் பிரிவு அறிவித்தது.

செய்திகளில் பெரிதாக வந்தது ஏசிஎல்தான். கால்பந்தும் கபடியும் பார்க்கிறவர்களுக்கு அந்த மூன்றெழுத்து பழகிப்போயிற்று. ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று அவர்களே கணக்குச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் எலும்பு மூட்டுச் சிகிச்சையில் இருப்பவர் அந்த அறிவிப்பைப் படித்தால், அவர் கண் நிற்கும் இடம் அதன் கடைசிப் பகுதியாகவே இருக்கும். தசைநாரைப் புதிதாக வைத்துத் தைக்க முடியும். எடை தாங்கும் தளம் நசுங்கினால் அதைப் பழைய வழவழப்புக்குக் கொண்டுவர இன்றுவரை எவராலும் முழுமையாக இயலவில்லை. ஒரு முழங்காலுக்கு நேர்ந்ததை மதிப்பிடுவதற்கு எந்தத் தசைநார் அறுந்தது என்ற கேள்வி தொடக்கம் மட்டுமே. அந்தக் கணத்தில் எந்த எலும்பு எதில் மோதியது, இடையில் சிக்கிய மெனிஸ்கஸ் எனும் குருத்தெலும்பு மெத்தை என்ன ஆனது என்ற கேள்விகளே சிகிச்சையின் வரிசையையும் பத்தாண்டுக்குப் பிந்தைய நிலையையும் தீர்மானிக்கின்றன என்பதற்கு வானின் வலது முழங்கால் நன்கு பதிவான ஒரு சான்று. அவருடைய ஸ்கேன் படங்கள் பொதுவெளியில் இல்லை. ஆகவே அறிவிக்கப்பட்ட செய்திகளை மட்டுமே அவருக்கு உரியனவாகவும், ஏனையவற்றை இவ்வகைக் காயத்தின் பொது இயல்பாகவும் கொள்ள வேண்டும்.

விசை சென்ற வழி

பாதம் ஓரிடத்தில் சிக்கியிருக்க, முழங்கால் உள்நோக்கி மடியும்போது மூட்டின் உட்பக்கம் வாய் பிளக்கிறது, வெளிப்பக்கம் நெரிபடுகிறது. உட்பக்கத்தை இழுத்துப் பிடித்திருக்கும் எம்சிஎல் அந்தப் பிளப்பைத் தடுக்க முயன்று கிழிகிறது. டிபியா முன்னோக்கி நழுவிச் சுழலும்போது, அந்த நழுவலைத் தடுப்பதற்கென்றே மூட்டின் நடுவில் அமைந்துள்ள ஏசிஎல் அறுகிறது. தடை இரண்டும் போன பின், தொடை எலும்பின் வெளிப்புறக் குமிழ் கட்டுப்பாடின்றி வந்து டிபியாவின் வெளிப்புறத் தளத்தில் மோதுகிறது. ஏசிஎல், எம்சிஎல், வெளிப்புறத் தள முறிவு என்ற மூன்றும் தனித்தனிக் காயங்கள் அல்ல. ஒரே விசை ஒரு பக்கம் இழுத்து அறுத்ததையும் மறுபக்கம் நசுக்கியதையும் சேர்த்துச் சொல்லும் ஒரே விவரம் அது.

வெளிப்புறத் தளமே முறிவதற்கு உடலமைப்பிலும் காரணம் உண்டு. மனிதக் கால் இயல்பிலேயே முழங்காலுக்குக் கீழே சற்று வெளிநோக்கிச் சாய்ந்திருப்பதாலும், சாலையிலும் களத்திலும் அடி பெரும்பாலும் வெளிப்பக்கத்திலிருந்தே வருவதாலும், நசுக்கும் விசை அப்பக்கம் விழுவதே அதிகம். உட்புறத் தளத்தின் எலும்பு அடர்த்தியானது, சற்றே குழிந்தது. வெளிப்புறத் தளத்தின் எலும்பு அதைவிட மென்மையானது, மேற்பரப்போ குவிந்தது. குவிந்த குமிழ் குவிந்த தளத்தின்மேல் நின்றால் தொடும் இடம் சிறுத்துப்போகும். சிறுத்த இடத்தில் முழு எடையும் இறங்கும். பானைக்கும் தலைக்கும் நடுவே சும்மாடு செய்யும் வேலையை இங்கே வெளிப்புற மெனிஸ்கஸ் செய்கிறது. இரண்டு குவிந்த பரப்புகளுக்கிடையே வளையமாக அமர்ந்து, தொடுபரப்பை அகலமாக்கி, எடையைப் பரப்பிவிடுகிறது. மூட்டின் வெளிப்பாதியான அந்த அறையில் இறங்கும் சுமையில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை அதுவே தாங்குகிறது. உட்பக்க மெனிஸ்கஸ் தாங்குவது ஏறத்தாழப் பாதி.

பனிச்சறுக்கு விளையாட்டுக்கென்று ஒரு தனிச்சிக்கல் இருக்கிறது. விறைப்பான காலணி கணுக்காலை அசையவிடுவதில்லை. நீளமான பலகையோ சுழற்சி விசையைப் பெருக்கி நேராக முழங்காலுக்கு அனுப்புகிறது. காலணியைப் பலகையோடு பிணைக்கும் பொறி, விழும்போது தானே விடுபடும்படி 1970களுக்குப் பின் மேம்பட்டதால் கீழ்க்கால் எலும்பு நடுவில் முறிவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் அந்தப் பொறி காப்பாற்றுவது கீழ்க்காலைத்தான், முழங்காலை அல்ல. எலும்பு முறிவு குறைந்த அதே ஆண்டுகளில் ஏசிஎல் கிழிவு பெருகியது. 2006 முதல் 2009 வரை உலகக் கோப்பைப் போட்டியாளர்களுக்கு நேர்ந்த 20 ஏசிஎல் காயங்களின் ஒளிப்பதிவுகளை நார்வே ஆய்வாளர்கள் அசைவு அசைவாகப் பார்த்து 2011-இல் வெளியிட்டார்கள். அவற்றில் பாதி, வெளிப்புறப் பலகை ஒரு கணம் பனியில் பிடிப்பை இழந்து, மறுகணம் அதன் உள்விளிம்பு சட்டென்று பற்றிக்கொண்டு, முழங்காலை உள்நோக்கி மடித்துச் சுழற்றியதால் நேர்ந்தவை. வீரர் விழுவதற்கு முன்பே தசைநார் போய்விடுகிறது என்பது அதில் எனக்கு முக்கியமாகப்பட்ட செய்தி. பார்ப்பவர்கள் விழுந்ததால் கிழிந்தது என்று நினைக்கிறார்கள், பல நேரங்களில் கிழிந்ததால் விழுகிறார்கள்.

படத்தில் தெரிவதும் தெரியாததும்

காயம்பட்ட சில மணி நேரத்துக்குள் முழங்கால் பந்தாக வீங்கினால், உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் ஏசிஎல் கிழிந்திருக்கும். அந்த ரத்தத்தை ஊசியால் உறிஞ்சி எடுத்து, சிறுநீரக வடிவத் தட்டில் ஊற்றிச் சில நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். கருஞ்சிவப்புப் பரப்பின்மேல் மஞ்சள் நிறக் கொழுப்புத் துளிகள் மினுமினுத்து மிதந்தால், அவை எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்தவை. எங்கோ மூட்டுக்குள் எலும்பு பிளந்திருக்கிறது. நோயாளியைப் படுக்கவைத்துக் கதிரைக் கிடைமட்டமாகச் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயிலும் இதைக் காணலாம்: கொழுப்பு மேலே, ரத்தம் கீழே என்று பிரிந்து, நடுவில் அளவுகோல் வைத்துக் கிழித்தாற்போல் ஒரு நேர்கோடு தெரியும். முறிவின் கோடு கண்ணுக்குத் தெரியாத படத்திலும் இந்தக் கோடு இருந்தால் அடுத்து சிடி ஸ்கேனுக்கு அனுப்பியாக வேண்டும். நம் ஊர்களில் இருசக்கர வாகன விபத்தில் வருகிறவர்களிடம் இக்கோட்டைத் தேடாமல் ‘எலும்பில் ஒன்றுமில்லை, ஜவ்வுதான்’ என்று அனுப்பிவிடுவது ஆபத்தானது.

எலும்பின் காயம் முறிவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஏசிஎல் அண்மையில் கிழிந்த முழங்கால்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு எம்ஆர்ஐ படத்தில் எலும்புக் கன்றல் காணப்படுகிறது. எலும்பின் வெளிவடிவம் மாறாமல், உள்ளே உள்ள நுண்சட்டங்கள் நொறுங்கி, நீரும் ரத்தமும் ஊறிய பகுதி அது. தொடை எலும்பின் வெளிப்புறக் குமிழின் நடுப்பகுதியிலும், டிபியாவின் வெளிப்புறத் தளத்தின் பின்விளிம்பிலும் எதிரெதிராக இரண்டு திட்டுகள் காணப்படுவது இதன் வழக்கமான தோற்றம். படத்தில் ஓய்வில் கிடக்கும் முழங்காலில் அந்த இரண்டு இடங்களும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை; டிபியா முன்னோக்கி நழுவினால் மட்டுமே தொடும். எனவே அந்தத் திட்டுகள் இருந்தாலே, ஒரு கணமாவது மூட்டு இடம்பெயர்ந்து திரும்பியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். மோதல் இன்னும் கடுமையானால் குமிழில் பள்ளம் விழும். அதனினும் கடுமையானால் தளம் பிளக்கும் அல்லது அமுங்கும். வானுக்கு நேர்ந்தது அந்தக் கடைசிப் படி. மேல்தள முறிவுகளுக்கு மருத்துவர் ஜோசப் ஷாட்ஸ்கர் 1979-இல் வகுத்த, இன்றும் எங்கும் பயன்படும் ஆறு வகைகளில் முதல் மூன்றும் வெளிப்புறத் தளத்துக்கு உரியவை: பிளவு, பிளவோடு அமுக்கம், அமுக்கம் மட்டும்.

சிறிய எலும்புத் துணுக்கு பெரிய தசைநார்க் காயத்தைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு. டிபியாவின் வெளிவிளிம்பில் நகத்துண்டு அளவே பெயர்ந்து நிற்கும் செகோண்ட் முறிவு அவற்றில் புகழ்பெற்றது. பாரிஸ் அறுவை மருத்துவர் பால் செகோண்ட், எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்னரே, 1879-இல், சடலங்களின் முழங்காலை வலிந்து திருகி அதை விவரித்தார். அந்தத் துணுக்கு தெரிந்தால் ஏசிஎல் பெரும்பாலும் போயிருக்கும். டிபியாவுக்கு வெளிப்பக்கம் இருக்கும் ஃபிபுலா எலும்பின் தலையிலிருந்து துணுக்குப் பெயர்ந்தால், மூட்டின் பின்புற வெளிமூலையில் உள்ள தசைநார்கள் கிழிந்திருப்பதாகச் சந்தேகிக்க வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு ஏசிஎல் கிழிவதற்குப் பதிலாக அது பற்றியிருக்கும் எலும்பே பெயர்ந்து வருவதுண்டு.

முதல் பரிசோதனையின் முடிவைக் கடைசி முடிவாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு வானின் இடது முழங்காலிலிருந்து ஒரு நிகழ்வை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2016 பிப்ரவரி இறுதியில் அண்டோராவின் சோல்டேவு களத்தில் விழுந்தபோது, டிபியாவில் மயிரிழை முறிவு என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. மறுநாளே அவர் மீண்டும் போட்டியில் இறங்கினார். அதன்பின் செய்த விரிவான பரிசோதனையில் மேல்தளத்தில் மூன்று முறிவுகள் இருப்பது தெரிந்தது. உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் புள்ளிகளில் முன்னணியில் இருந்த நிலையிலேயே அந்தப் பருவத்தின் எஞ்சிய போட்டிகளைக் கைவிட்டார்.

மெனிஸ்கஸ்

2013 அறிவிப்பில் மெனிஸ்கஸ் பற்றிய சொல் இல்லை. ஆனால் இந்த வகைக் காயத்தோடு வரும் எவருக்கும் அதைத் தேடாமல் விடக் கூடாது. நியூயார்க்கில் மேல்தள முறிவுக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்ட 103 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், மென்திசுக் காயம் எதுவுமே இல்லாதவர் ஒரே ஒருவர்தான். 91 விழுக்காட்டினருக்கு வெளிப்புற மெனிஸ்கஸில் பழுது இருந்தது. தளம் அமுங்கும்போது மெனிஸ்கஸின் விளிம்பு மூட்டைச் சுற்றியுள்ள உறையிலிருந்து பிய்ந்துவிடுகிறது. சில வேளைகளில் பிளந்த எலும்பின் இடைவெளிக்குள்ளேயே சிக்கிக்கொண்டு, துண்டுகளை ஒன்றுசேரவிடாமல் தடுக்கிறது.

ஏசிஎல், எம்சிஎல், உட்பக்க மெனிஸ்கஸ் மூன்றும் சேர்ந்து கிழிவதை அமெரிக்க மருத்துவர் டான் ஓ’டோனஹ்யூ 1950-இல் விவரித்தார். அந்த முக்கூட்டு அப்படியே பாடநூல்களிலும், பின்னர் விளையாட்டு வர்ணனைகளிலும் நிலைத்துவிட்டது. மூட்டுக்குள் சிறு துளை வழியே கருவியை நுழைத்துப் பார்க்கும் ஆர்த்ரோஸ்கோப்பி வழியே நேரில் பார்க்கத் தொடங்கியபின் கணக்கு மாறியது. ஏசிஎல்லும் எம்சிஎல்லும் புதிதாகக் கிழிந்த முழங்கால்களில் உட்பக்க மெனிஸ்கஸைவிட வெளிப்பக்க மெனிஸ்கஸே அதிகம் கிழிந்திருப்பதை ஆய்வாளர்கள் ஷெல்போர்னும் நிட்ஸும் 1991-இல் எடுத்துக்காட்டினார்கள். மேலே விவரித்த விசையின் போக்கைப் பின்தொடர்ந்தால் இதில் வியப்பில்லை. உட்பக்கம் பிளந்துகொண்டிருக்கும்போது அங்கே நசுங்குவதற்கு என்ன இருக்கிறது? நசுங்குவது வெளிப்பக்கம்தான். ஆயினும் பழைய முக்கூட்டை இன்றும் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள்.

உட்பக்க மெனிஸ்கஸின் முறை பிறகு வருகிறது. ஏசிஎல் இல்லாமல் மாதக்கணக்கில் நடமாடும்போது, டிபியா முன்னோக்கி நழுவும் ஒவ்வொரு முறையும் உட்பக்க மெனிஸ்கஸின் பின்பகுதி முட்டுக்கட்டையாக நின்று தடுக்கிறது; தடுத்துத் தடுத்துக் கிழிகிறது. அறுவைச் சிகிச்சையை ஓராண்டு, ஈராண்டு தள்ளிப்போட்டு, இடையிடையே கால் மடங்கி விழுந்துகொண்டிருப்பவர்களிடம் இது சாதாரணமாகக் காணப்படும்.

எம்ஆர்ஐயிலும் தப்பிவிடும் கிழிவுகள் இரண்டு. உட்பக்க மெனிஸ்கஸின் பின்பகுதி உறையோடு ஒட்டும் இடத்தில் பிரிவது ஒன்று. முழங்கால் நீட்டியிருக்கும் நிலையில் எடுக்கும் படத்தில் பிளவு மூடிக்கொண்டு நல்லபடியாக இருப்பதுபோல் தோன்றும். ஆர்த்ரோஸ்கோப்பிக் கருவியை முன்பக்கமாக மட்டும் செலுத்தினாலும் தெரியாது. பின்னறைக்குள் நுழைத்துப் பார்க்க வேண்டும். மற்றொன்று, வெளிப்புற மெனிஸ்கஸ் எலும்பைப் பற்றியிருக்கும் பின்வேர் அறுவது. வேர் அறுந்த மெனிஸ்கஸ் பார்வைக்கு முழுதாக இருந்தாலும் எடை இறங்கும்போது வெளியே பிதுங்கிவிடுவதால், அதை அகற்றிவிட்ட முழங்காலுக்கும் இதற்கும் வேலையில் அதிக வேறுபாடு இல்லை.

மெனிஸ்கஸை அகற்றுவதன் விலையை மருத்துவர் ஃபேர்பேங்க் 1948-லேயே எக்ஸ்ரே படங்களில் காட்டிவிட்டார்: மூட்டு இடைவெளி குறுகுதல், குமிழ் தட்டையாதல், விளிம்பில் எலும்பு முகடு வளர்தல். ஆனாலும் கிழிந்ததை வெட்டியெடுப்பதே வெகுகாலம் வழக்கமாக இருந்தது. மெனிஸ்கஸின் வெளிவிளிம்பில் மட்டுமே ரத்த ஓட்டம் உண்டு என்பதால் அப்பகுதிக் கிழிவைத் தைத்தால் ஆறும். உள்விளிம்பில் தைத்தால் ஆறுவது அரிது. தைக்கக்கூடியதைத் தைக்காமல் வெட்டுவதற்கு இன்று நியாயம் சொல்வது கடினம். வெளிப்புற மெனிஸ்கஸில் அது இன்னும் கடினம்.

எலும்பின் காலமும் தசைநாரின் காலமும்

வானுக்கு விபத்து நடந்த சில நாள்களிலேயே கொலராடோவின் வெயில் நகரில் மருத்துவர் பில் ஸ்டெரெட் அறுவைச் சிகிச்சை செய்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சோச்சியில் நடக்கவிருந்த ஒலிம்பிக்குக்கு அவர் திரும்புவார் என்ற எதிர்பார்ப்பை அணி வெளியிட்டது. வான்கூவரில் 2010-இல் டவுன்ஹில் தங்கம் வென்றவர் அவர் என்பதால், எல்லோரும் நாள்காட்டியைப் பின்னோக்கி எண்ணத் தொடங்கியது இயல்பே.

மறுவாழ்வுப் பயிற்சி திட்டமிடுபவருக்கு இங்கே முரண்பாடு தொடங்குகிறது. ஏசிஎல் மட்டும் சீரமைக்கப்பட்டிருந்தால் முதல் நாள்களிலேயே காலை ஊன்றி நடக்கச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். தொடையின் முன்தசை வற்றாமலிருக்க அது உதவும். தளம் முறிந்திருந்தாலோ, எலும்பு கூடும்வரை, வழக்கமாக 6 முதல் 12 வாரம், முழு எடை இறக்கக் கூடாது. எம்சிஎல் பக்கவாட்டு அசைவைத் தடுக்கும் பட்டையைக் கேட்கிறது. மெனிஸ்கஸ் தைக்கப்பட்டிருந்தால் சில வாரங்களுக்கு 90 பாகைக்கு மேல் மடக்க அனுமதி இல்லை. சம்மணமிடுவதும் குத்துக்காலிடுவதும் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். இவ்வளவு தடைகளையும் மதித்து மூட்டை அசையாமல் வைத்தால் உள்ளே தழும்புத் திசு வளர்ந்து மூட்டு இறுகிவிடும். எனவே எடையில்லாமல், பட்டைக்குள், குறித்த கோணத்துக்குள், ஆனால் நாள் தவறாமல் அசைத்தாக வேண்டும். மிக மெதுவாக ஆறும் பகுதி எதுவோ அதன் வேகத்தில்தான் முழங்கால் முழுவதும் நகர முடியும். ‘ஏசிஎல்லுக்கு இத்தனை மாதம்’ என்ற பொதுக்கணக்கு இத்தகைய முழங்காலுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். வைத்துத் தைத்த புதிய தசைநாரும் முதல் சில மாதங்களில் வலுவிழந்து, பின்னரே மெல்லத் திரும்ப உறுதிபெறுகிறது. ஒன்பது மாதத்துக்கு முன் களத்துக்குத் திரும்புவோருக்கு மறுகாயம் அதிகம் என்பது பின்வந்த ஆய்வுகளில் உறுதியானது.

2013 நவம்பரில் கொலராடோவின் காப்பர் மவுண்டனில் பயிற்சியின்போது வான் விழுந்தார். சீரமைத்த ஏசிஎல் பகுதியளவு கிழிந்தது. டிசம்பரில் கனடாவின் லேக் லூயிஸ் களத்தில் போட்டியிட்டு, சூப்பர்-ஜியில் 5-ஆம் இடம் பெற்றார். அதே மாதம் பிரான்சின் வால் டிசேரில், விழாமலேயே, ஒரு திருப்பத்தில் வலது முழங்கால் மடங்கிக்கொடுத்தது. எம்சிஎல் மீண்டும் காயப்பட்டது. 2014 ஜனவரியில் சோச்சியிலிருந்து விலகுவதாக அறிவித்து, அதே முழங்காலில் மறு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். திருப்பத்தில் தானே மடங்குவது ஏசிஎல் பற்றாத முழங்காலின் குறி. அப்படி மடங்கும் ஒவ்வொரு முறையும், ஏற்கெனவே முறிந்து கூடிய தளத்தின்மேல் குமிழ் வழுக்கி உரசியிருக்கும் என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

இரண்டாம் சீரமைப்புக்குப் பின் அவசரம் காட்டவில்லை. 2014 டிசம்பரில் லேக் லூயிஸில் திரும்பி வந்து அங்கேயே வென்றார். 2015 ஜனவரியில் ஆஸ்திரிய வீராங்கனை ஆன்மரி மோசர்-ப்ரோலின் 62 உலகக் கோப்பை வெற்றிகள் என்ற சாதனையைக் கடந்தார். 2019 பிப்ரவரியில் 82 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார். தசைநார் என்ற அளவில் சிகிச்சை தன் கடமையைச் செய்துவிட்டது. வலி மட்டும் ஓயவில்லை. 2024 ஏப்ரலில், 39 வயதில், அதே வலது முழங்காலில் ரோபோ உதவியுடன் பகுதி மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. தேய்ந்த அறையின் எலும்புப் பரப்பு சீவப்பட்டு டைட்டானியம் உறுப்புகள் பொருத்தப்பட்டன. அந்தத் தேய்மானம் முழுவதையும் 2013-இன் ஒரு விபத்தின் கணக்கில் எழுதுவது சரியாகாது. இருபதாண்டுக் காலம் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் சரிவிறங்கிய கால் அது. ஆனால் மேல்தளம் முறிந்த, தசைநார் இருமுறை சீரமைக்கப்பட்ட முழங்கால் நாற்பது வயதுக்குள் மூட்டு மாற்று அறுவை மேசைக்கு வந்து சேர்வது எந்த எலும்பியல் மருத்துவருக்கும் எதிர்பாராததல்ல.

பகுதி மாற்றுக்கு உரியவரைத் தேர்ந்தெடுக்கும்போது பொதுவாகப் பார்க்கப்படுவன இரண்டு: தேய்மானம் ஓர் அறையோடு நின்றிருக்க வேண்டும், ஏசிஎல் பற்றி நிற்க வேண்டும். பற்றாத முழங்காலில் பொருத்திய உறுப்பு நாளடைவில் தளர்ந்துவிடும் என்பதால், அத்தகையவர்களுக்கு முழு மூட்டு மாற்றே வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுகிறது. முழு மாற்றில் ஏசிஎல்லையே அகற்றிவிடுவார்கள். அதன்பின் உலகக் கோப்பைச் சரிவில் இறங்குவது பேச்சுக்கே இடமில்லாதது. வானுக்குப் பகுதி மாற்று போதுமானதாக இருந்தது. ஓய்விலிருந்து திரும்பி வந்து, 2025 மார்ச்சில் ஐடஹோவின் சன் வேலி சூப்பர்-ஜியில், 40 வயதில், அந்த முழங்காலோடு அவர் இரண்டாம் இடம் பெற்றார்.